உடைந்த வளையமும் நாலாயிரம் வெட்டும்

மகள், உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பில், கல்லடியில் சிற்பம் படிக்கிறீர்கள். அமெரிக்காவில் வேர்ஜினியா பல்கலைக்கழகம் தன் மண்ணில் அடிமைகளாக உழைத்தவர்களுக்குக் கட்டிய நினைவிடத்தின் படங்களைப் பார்த்திருக்கிறீர்கள். "ஒரு உருவம்கூட இல்லை, சங்கிலி இல்லை, ஒரு கல் வளையமும் சுவரெல்லாம் கீறலும்தான் இருக்கு. இது எப்படி ஆக்களின் நெஞ்சைத் தொடும்? இறுதியாண்டு வேலைக்கு இதே மாதிரி ஒன்றை மட்டக்களப்புக் கோட்டைக்குப் பக்கத்தில் வரைந்தால் சரிவருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கல்லில் வெட்டும் எழுத்துக்கு அச்சு வரைந்து கொடுப்பது என் நீண்டகாலத் தொழில். ஆகவே அந்தக் கீறல்களைப் பற்றிக் கேட்டால் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அந்த நினைவிடம் நெஞ்சைத் தொடுவதே அவற்றால்தான் என்பது என் எண்ணம். இரண்டாவது கேள்விக்கு, வளையத்தை அப்படியே தூக்கி இங்கே வைத்தால் சரிவராது. அவர்கள் அந்த வளையத்துக்கு வந்துசேர்ந்த வழி மட்டும் நமக்கு உதவும்.

அந்தப் பல்கலைக்கழகத்தை 1819இல் நிறுவியவர் தோமஸ் ஜெபர்சன். மனிதர் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று சுதந்திரப் பிரகடனத்தில் எழுதியவரும் அவர்தான். அவர் வரைந்த கட்டடங்களுக்கு நிலம் மட்டமாக்கி, செங்கல் சுட்டு, மரம் அறுத்தவர்களில் பெரும்பகுதி அடிமைகள். கட்டி முடிந்த பிறகு அங்கே படித்த வெள்ளை மாணவர்களுக்குச் சமைத்து, துணி துவைத்து, விறகு சுமந்து, கழிவு அள்ளியவர்களும் அவர்கள்தான். கட்டட வேலை தொடங்கிய 1817 தொடக்கம் 1865 வரை ஏறத்தாழ 4,000 பேர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். பேராசிரியர் வீடுகளுக்குப் பின்னால் பாம்பு போல நெளிந்து போகும் செங்கல் மதில்கள் அங்கே பிரசித்தம், போகிறவர்கள் எல்லோரும் படம் எடுப்பார்கள். முதலில் எழும்பியபோது அவை ஆள் உயரத்துக்கும் மேலே நின்றன. உள்ளே வேலை செய்தவர்கள் வெளியே நடப்பவர்களின் கண்ணில் படாதபடி மறைத்தன.

2007இல் பல்கலைக்கழகம் ஒரு சிறு கற்பலகையைப் பதித்தது. ரொட்டுண்டா என்று அழைக்கப்படும் நடுக்கட்டடத்தின் கீழ்வழியில், தரையில். ஜெபர்சனின் திட்டத்தை நிறைவேற்ற உதவிய "சுதந்திரமானவர்களும் அடிமைகளும்" என்று இரண்டு சாராரையும் ஒரே வரியில் சேர்த்து நன்றி சொன்னது அது. அதிலும் 1826 வரைக்கும்தான் கணக்கு. ஆக்கள் அதன்மேல் மிதித்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு நினைவுச்சின்னம் எங்கே கிடக்கிறது, எந்த உயரத்தில் இருக்கிறது, அதைப் பார்க்க ஆள் தலையைக் குனிய வேண்டுமா நிமிர வேண்டுமா என்பதெல்லாம் வடிவமைப்புக்குள் அடங்கும். இது போதாது என்று மாணவர்கள்தான் 2010 அளவில் இயக்கம் தொடங்கினார்கள். 2017இல் நிர்வாக சபை திட்டத்துக்குச் சம்மதித்தது, 2020இல் வேலை முடிந்தது. மாணவர்கள் தொடங்கிய காரியம் அது. உங்கள் வயதுப் பிள்ளைகள்.

வடிவமைத்தது ஒரு குழு. மிஜின் யூன், எரிக் ஹோவலர் என்ற கட்டடக்கலைஞர்கள் இருவர், கட்டடக்கலை வரலாற்றாளர் மேபல் வில்சன், நிலவடிவமைப்பாளர் கிரெக் பிளீம், சிற்பி எட்டோ ஒட்டிட்டிக்பே. இவர்களோடு ஃபிராங்க் டியூக்ஸ் என்பவர் ஊர் ஆக்களோடு கதைத்துக் கேட்கும் வேலையைப் பொறுப்பெடுத்தார். அடிமைகளின் வழிவந்தவர்களிடமும், சார்லட்ஸ்வில் நகரத்துக் கறுப்பினத்தவரிடமும், மாணவரிடமும் கேட்டார்கள். அந்தக் கேட்டலின் பலன் நினைவிடம் இருக்கும் இடத்திலேயே தெரிகிறது. வளாகத்தின் நடுப்புல்வெளியில் அது இல்லை. நகரத்தை நோக்கிய விளிம்பில், வீதியிலிருந்து நேரே நடந்து ஏறக்கூடிய புல்தரையில் இருக்கிறது. தங்கள் பாட்டன் பூட்டனை அடிமையாக வைத்திருந்த நிறுவனத்தின் வாசலைத் தாண்டித்தான் அஞ்சலி செலுத்த வேண்டும் என்ற நிலை அவர்களுக்கு இல்லை.

இனி அந்தக் கீறல்களுக்கு வருவோம்.

4,000 பேரில் நினைவிடம் கட்டும்போது பெயரோடு கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 578 பேர்தான். அதிலும் பலருக்கு முதற்பெயர் மட்டும். இன்னும் 311 பேருக்குப் பெயர் கிடைக்கவில்லை, ஆனால் கணக்குப் புத்தகங்களிலும் கடிதங்களிலும் அவர்களைப் பற்றி ஒரு சொல் கிடைத்தது: கொத்தன், சமையற்காரி, மருத்துவிச்சி, மகள், பாட்டி. மற்ற மூவாயிரத்துச் சொச்சம் பேர் தொகைக்குள் மட்டும் இருக்கிறார்கள். ஏன் இப்படி என்றால், அவர்களைப் பற்றி எழுதியவர்கள் அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்கள். வாடகைக்கு எடுத்த அடிமைக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆளின் பெயர் பல இடங்களில் வேண்டியிருக்கவில்லை.

இந்த நிலைமையில் சாதாரணமாக ஒரு சிற்பி என்ன செய்வார்? தெரிந்த பெயர்களை ஒரு பலகையில் அடுக்கி, கீழே "பெயர் அறியப்படாத மற்றவர்களும்" என்று ஒரு வரி போடுவார். நம் பக்கமும் இதுதான் வழக்கம். அப்படிச் செய்தால் 578 பேர் சுவரையே நிரப்பிவிடுவார்கள், மூவாயிரம் பேர் ஒரு வரிக்குள் சுருங்கிவிடுவார்கள். இந்தக் குழு வேறு விதமாக யோசித்தது. வளையத்தின் உட்புறச் சுவரில் ஆளுக்கு ஒரு வெட்டு, கிடையாக, குறுகலாக, கல்லைக் கீறித் திறந்தது போல. பெயர் தெரிந்திருந்தால் வெட்டுக்கு மேலே பெயர். தொழிலோ உறவோ தெரிந்திருந்தால் அந்தச் சொல். ஒன்றும் தெரியாவிட்டால் வெட்டு மட்டும். பெயருள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே மாதிரி வெட்டு. சுவரின் பக்கத்தில் போய் நின்றால் ஒரு பெயர் இருக்கும், அடுத்து வெறும் வெட்டு, வெட்டு, வெட்டு, பிறகு ஒரு "மகள்", மறுபடியும் வெட்டு. பெயர் இல்லாத வெட்டின் மேலே அந்த மெருகிட்ட கல் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. நாளை ஆவணத்தில் ஒரு பெயர் அகப்பட்டால் அதில் வெட்டிக்கொள்ளலாம்.

தொழில்காரன் கண்ணால் ஒன்று சொல்கிறேன். கல்லில் எழுத்து வெட்டும்போது நாங்கள் வெட்டுவது உண்மையில் நிழலை. கருங்கல்லில் ஒரு பள்ளம் தன் நிறத்தைவிட, மேல் விளிம்பு உள்ளே போடும் நிழலால்தான் நன்றாகத் தெரியும். கிடைவெட்டுக்கு மேலிருந்து விழும் வெயிலில் நிழல் கூர்மையாக விழும், மேகம் மூடினால் மங்கும். மழை பெய்தால் மெருகிட்ட பரப்பில் தண்ணீர் வழிந்து வெட்டுக்குள் நிற்கும். மழை விட்டபின் சுவர் காய்ந்துவிடும், வெட்டுகளுக்குள் ஈரம் கடைசிவரை இருக்கும். சவுக்கடித் தழும்பு என்றும் கண்ணீர் என்றும் கணக்கேட்டில் போடும் கோடு என்றும் பலர் பலவிதமாக அதை வாசிக்கிறார்கள். எல்லாமே பொருந்துகிறது. ஒரே ஒரு உளி வேலை இத்தனை பொருளைத் தாங்குவதைத்தான் நீங்கள் படத்தில் "கீறல்" என்று பார்த்திருக்கிறீர்கள். படத்தில் அவ்வளவுதான் தெரியும்.

வளையத்தின் வெளிக்குறுக்களவு 80 அடி. ரொட்டுண்டாவின் குறுக்களவோடு ஒத்துப்போகும்படி எடுத்த அளவு அது. ஜெபர்சன் அறிவின் கோயிலாக எழுப்பிய அந்த வட்டத்தைச் சுமந்தவர்களுக்கு அதே அளவில் ஒரு வட்டம், தரைமட்டத்தில், கூரை இல்லாமல், வானத்துக்குத் திறந்தபடி. கல்லும் அந்த மாநிலத்திலேயே எடுத்த சாம்பல் நிறக் கருங்கல். வளையம் முழுதாக மூடவில்லை, ஒரு பக்கம் திறந்திருக்கிறது. உடைந்த கால்விலங்கு என்று அதை வாசிக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது மற்றப் பொருள்: அடிமைகள் ஒன்றுகூடிக் கைதட்டி, பாடி, வட்டமாகச் சுற்றி ஆடிய ஒரு வழிபாட்டு ஆட்டம் அவர்களிடம் இருந்தது, அந்த வட்டம்தான் இது. நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. மட்டக்களப்புக் கூத்தின் வட்டக்களரியைச் சுற்றி விடியவிடிய இருந்தவர்களுக்கு, நாலு பக்கமும் ஆக்கள் சூழ்ந்திருக்கும் வட்டம் பார்க்கிறவனையும் உள்ளே இழுத்துவிடும் என்பது தெரியும். மேடைக்கு முன்னே வரிசையாக நின்று பார்க்கும் சிலைக்கு அந்த வலு இல்லை. நினைவிடத்தின் நடுவிலும் புல்தரைதான் இருக்கிறது, ஆக்கள் கூடிநிற்க.

பெரிய வளையத்துக்குள் தாழ்வாக இன்னொரு வளையம். அதில் காலவரிசை வெட்டியிருக்கிறார்கள்: ஆபிரிக்கர்கள் வேர்ஜினியாவுக்குக் கொண்டுவரப்பட்டதாகப் பதிவான 1619இல் தொடங்கி 1889இல் முடிகிறது. எழுத்துகளின் மேல் மெல்லிய தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். கடலைக் கடந்து கொண்டுவந்ததும், ஆற்றைக் கடந்து தப்பியதும், ஞானஸ்நானமும், முன்னோருக்கு நீர் வார்ப்பதும் எல்லாம் அந்தத் தண்ணீருக்குள் இருக்கிறது.

1889 என்பது இசபெல்லா கிபன்ஸ் இறந்த ஆண்டு. பேராசிரியர் வீடொன்றில் சமையற்காரியாக அடிமைப்பட்டிருந்தவர். அடிமையாக இருந்தபோதே எழுத்து வாசிப்புப் பழகி, விடுதலைக்குப் பின் சார்லட்ஸ்வில்லில் ஆசிரியையானார். 1867இல் அவர் எழுதிய வரிகள் காலவரிசையின் முடிவில் இருக்கின்றன: சாட்டையை, ஏல மேடையை, தாயின் மார்பிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிய வியாபாரியை எங்களால் மறக்க முடியுமா என்று கேட்டு, மறக்கவில்லை, மறக்கவும் மாட்டோம் என்று தானே பதில் சொல்கிறார். அவருடைய ஒரு புகைப்படம் மிஞ்சியிருக்கிறது. அதிலிருந்து கண்களை மட்டும் எடுத்து, வளையத்தின் வெளிச்சுவரில் ஒட்டிட்டிக்பே வெட்டியிருக்கிறார். சொரசொரப்பாக விட்ட கல்லில் செங்குத்தான கோடுகளின் ஆழத்தைக் கூட்டிக் குறைத்துச் செய்த வேலை. நேரே போய் முட்டிக்கொண்டு நின்றால் வெறும் கோடுகள். வெயில் சரியான சாய்வில் விழ, சரியான இடத்தில் நின்றால்தான் இரண்டு கண்கள் உங்களைப் பார்க்கும்.

ஆக, "ஒரு உருவம்கூட இல்லை" என்பது முழுச்சரி இல்லை, மகள். ஒருவர் இருக்கிறார். முகம் தெரிந்த ஒருவர் இருந்தார், அவரை வைத்தார்கள். முகம் தெரியாத மூவாயிரம் பேருக்குக் கற்பனையில் ஒரு முகம் செய்யவில்லை.

உருவம் வைத்த சின்னங்கள் எத்தனையோ உண்டு, அவற்றைக் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கிழக்கு ஆபிரிக்கக் கரையோரத்துச் சான்சிபாரில் அடிமைச் சந்தை இருந்த இடத்தில் நிற்கும் தேவாலயத்துக்கு அருகே, நிலத்தில் ஒரு குழி, அதற்குள் கழுத்துச் சங்கிலியோடு ஐந்து உருவங்கள். சுவீடன் சிற்பி கிளாரா சோர்னாஸ் 1998இல் செய்தது. குழிக்குள் இறக்கி வைத்ததுதான் அதன் பலம், விளிம்பில் நிற்கும் நாம் சந்தையில் வாங்க வந்தவனின் இடத்தில் நிற்கிறோம். ஆனால் உருவம் வைப்பதில் ஒரு பழைய ஆபத்தும் இருக்கிறது. வாஷிங்டனில் 1876இல் திறந்த விடுதலைச் சின்னத்தில் ஆபிரகாம் லிங்கன் நிமிர்ந்து நிற்கிறார், விடுதலை பெற்றவன் அவர் காலடியில் முழந்தாளில் இருக்கிறான். அதற்குப் பணம் சேர்த்துக் கொடுத்தவர்கள் விடுதலை பெற்ற அடிமைகளே. முதல் ஐந்து டொலரைக் கொடுத்தவர் சார்லட் ஸ்கொட் என்ற பெண். பணம் அவர்களுடையது, உருவத்தைத் தீர்மானித்தவர்கள் வேறு ஆக்கள். திறப்பு விழாவில் பேசிய பிரெடெரிக் டக்ளஸ், தானே அடிமையாகப் பிறந்து தப்பியவர், சில நாளில் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், நாலுகால் பிராணி போல மண்டியிடாமல் மனிதனாக எழுந்து நிற்கும் கறுப்பனுக்கு ஒரு சின்னத்தைச் சாவதற்குமுன் பார்க்க வேண்டும் என்று சொன்னார். அந்தச் சிலையின் பிரதியொன்று பொஸ்டனில் நின்றது. 2020 டிசம்பரில் அகற்றிவிட்டார்கள். சங்கிலி போட்ட உருவத்தை வரைய உங்கள் கை போகும்போது டக்ளஸின் கடிதம் நினைவில் இருக்கட்டும். ஒருவரின் அவமானத்தை வெண்கலத்தில் வார்த்தால் அந்த அவமானமும் நூறு வருஷம் நிற்கும்.

வேர்ஜினியாவை மட்டும் பார்த்துவிட்டு வரையத் தொடங்காதீர்கள். பிரான்சில் நான்ற் நகரம் அடிமைக் கப்பல்களை அனுப்பிப் பணக்கார நகரமானது. அங்கே 2012இல் திறந்த நினைவிடத்தை வொடிச்கோ, பொண்டர் என்ற இருவர் வடிவமைத்தார்கள். ஆற்றங்கரை நடைபாதையில் 2,000 கண்ணாடிக் கட்டிகள் பதித்திருக்கின்றன. 1,710இல் கப்பல்களின் பெயர்கள், மிச்சம் 290இல் துறைமுகங்களும் வியாபாரத் தளங்களும். கப்பல்களின் பெயர்களோ சும்மா கேட்டால் அழகான பெயர்கள்தான். அந்த அழகுதான் வயிற்றைக் கலக்கும். குற்றம் செய்த நகரத்திடம் இருந்த ஆவணம் கப்பல் பதிவேடு, அதனால் அதையே வைத்தார்கள். கரிபியன் கடலில் மார்டினிக் தீவில் 1998இல் லோரன் வலேர் செய்த 15 வெள்ளை உருவங்கள் கடலைப் பார்த்து நிற்கின்றன. 1830 ஏப்ரலில் அந்தக் கரையில் ஒரு அடிமைக் கப்பல் மோதி உடைந்தது. உருவங்கள் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணினால் 110 பாகையில், ஆபிரிக்காவின் கினி வளைகுடாவை நோக்கித் திரும்பியிருக்கின்றன. கப்பலின் பெயரும் தெரியாது, செத்தவர்களின் பெயரும் தெரியாது, அவர்கள் வந்த திசை மட்டும் தெரியும். தெரிந்த அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னமே செய்திருக்கிறார். எனக்கு மிகவும் மரியாதையுள்ள வேலை அது.

தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நமக்கு இன்னும் நெருக்கம். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தன் அடிமைகளை அடைத்து வைத்த கட்டடம் அங்கே இன்றும் நிற்கிறது, பக்கத்துச் சதுக்கத்தில் 2008இல் 11 கருங்கல் கட்டிகளை வைத்தார்கள். அந்த அடிமைகளின் பெயர்களைப் பார்த்தால் எசமான் ஒரு பெயர் வைத்திருப்பான், பல தடவை வாங்கிய மாதத்தின் பெயரே, ஏப்ரல், செப்டம்பர் என்று. அதன் பின்னால் வந்த ஊர்: வங்காளத்து, இலங்கையின், கரையின். கரை என்று அவர்கள் குறித்தது சோழமண்டலக் கரையை. நம் மொழி பேசியவர்களும் அதில் இருந்திருக்கிறார்கள் என்று விளங்குகிறதல்லவா? இப்படிப்பட்ட பெயரைக் கல்லில் வெட்டலாமா என்பது லேசான கேள்வி இல்லை. வெட்டினால் எசமான் வைத்த பெயரை நிலைநாட்டுகிறோம், விட்டால் மிஞ்சிய ஒரே தடயத்தையும் அழிக்கிறோம். வேர்ஜினியாக் குழு கண்ட வழி இதற்கும் பொருந்தும். வெட்டு ஆளுக்கு உரியது, அதன் மேலுள்ள எழுத்து ஏட்டுக்கு உரியது, இரண்டும் ஒன்றாகாமல் தனித்தனியே நிற்கும்.

இப்போது நம் மண். மட்டக்களப்புக் கோட்டை 1628இல் போர்த்துக்கீசர் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது, 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. நமக்கெல்லாம் அது நீண்டகாலம் கச்சேரியாக இருந்த இடம், பிறப்புப் பத்திரத்துக்கும் காணிக்கும் ஏறி இறங்கிய வாசல். ஒல்லாந்தக் கம்பனியின் வியாபாரப் பொருள்களில் கறுவாவும் யானையும் பள்ளிப் புத்தகத்தில் வரும், மனிதர் வருவது குறைவு. 1659 முதல் 1661 வரை தஞ்சாவூர்ச் சீமை பீஜப்பூர்ப் படையெடுப்பால் சீரழிந்து பஞ்சத்தில் கிடந்தபோது, நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் கம்பனி 8,000 முதல் 10,000 பேர்வரை அடிமைகளாக வாங்கியது. பெரும்பகுதியினரை இலங்கைக்கே கப்பலேற்றியது. 1694 முதல் 1696 வரை மறுபடியும் தென்னிந்தியாவில் யுத்தம், அப்போது தனியார் மட்டும் சோழமண்டலக் கரையிலிருந்து இலங்கைக்கு 3,859 பேரைக் கொண்டுவந்தார்கள். கொழும்பில் கம்பனி தன் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம்தான் கொம்பனித்தெரு. இன்று அங்கே உயர்ந்த ஹோட்டல்களும் கடைத்தொகுதிகளும் நிற்கின்றன. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படையாட்களாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் புத்தளத்துக்கு அருகே சிராம்பியடியில் இன்றும் தங்கள் பாட்டையும் ஆட்டத்தையும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

ஒல்லாந்தர்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் விலகிக்கொள்ளவும் முடியாது. 1707இல் தொகுத்த தேசவழமையில் அடிமைகளைப் பற்றித் தனியே விதிகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கம் என்ன என்று கேட்டு எழுதி, தமிழ் முதலிமார் பன்னிருவர் பார்த்துச் சரியென்று சொன்ன தொகுப்பு அது. பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கைக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. இங்கே அது முழுதாக ஒழிந்தது 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தோடுதான். உங்கள் நினைவிடத்தில் காலவரிசை வைப்பீர்களானால் 1707உம் 1833உம் அதில் வெட்டப்பட வேண்டும். அவற்றை விட்டுவிட்டு வெள்ளைக்காரன் செய்தான் என்று மட்டும் வெட்டிய கல் பாதி உண்மை. மலையகத்தாரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்த கதையையும் இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். அது இன்னொரு கொடுமை, அதற்குத் தனியே சின்னம் வேண்டும்.

ஒல்லாந்தின் தலைநகரத்தையும் பாருங்கள். ஆம்ஸ்டர்டாமில் தேசிய அடிமைமுறைச் சின்னத்தை 2002 ஜூலை 1ஆந் திகதி அரசி முன்னிலையில் திறந்தபோது, அடிமைகளின் வழிவந்த பொதுமக்களை வேலிக்கு வெளியே நிறுத்தினார்கள். சின்னம் நல்லதுதான், சுரினாமில் பிறந்த எர்வின் டி விரீஸ் செய்தது. ஆனால் அந்த வேலி இன்னும் பேசப்படுகிறது. அதே பூங்காவில் 2023 ஜூலை 1ஆந் திகதி அரசர் மன்னிப்புக் கேட்டார். கிழக்குக் கடல்களில் கம்பனி நடத்திய அடிமை வியாபாரம் அங்கே அண்மைக்காலம்வரை குறைவாகவே பேசப்பட்டது, நம் பக்கத்தில் அதைவிடக் குறைவு.

ஆகவே வரையுமுன் ஏடு. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் கால ஆவணங்கள் இருக்கின்றன: தோம்புகள் என்ற காணிப் பதிவேடுகள், மரணசாசனங்கள், இறந்தவரின் சொத்துப் பட்டியல்கள். சொத்துப் பட்டியலில் கட்டிலுக்கும் செம்புக்கும் நடுவே ஆளின் பெயர் வரும். 1818இல் அடிமைகளைப் பதிவுசெய்யச் சட்டம் வந்தபின் ஆங்கிலேயர் காலப் பதிவுகளும் உண்டு. உங்கள் பேராசிரியர் ஒருவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். மட்டக்களப்பு என்று குறித்த பத்துப் பெயர் கிடைத்தாலும் அந்தப் பத்துக்குத்தான் எழுத்து. பெயர் கிடைக்காத இடத்தில் "கண்ணம்மா", "முத்து" என்று அழகாக ஒன்றை நாமே எழுதிவிடக்கூடாது. ஆசையாக இருக்கும், செய்யாதீர்கள். இல்லாத பெயரை வெட்டினால், உள்ளபடி கிடைத்த பெயரையும் ஆக்கள் நம்பமாட்டார்கள்.

வடிவத்தில் எதை எடுக்கலாம், எதை விடவேண்டும்? வேர்ஜினியாவில் ஒரு பாதையைத் துருவ நட்சத்திரத்தின் திசையில் போட்டிருக்கிறார்கள், வடக்கே தப்பியோடியவர்களுக்கு வழிகாட்டிய நட்சத்திரம் என்பதற்காக. இன்னொன்று மார்ச் 3ஆந் திகதி சூரியன் மறையும் திசையில், 1865இல் அந்த நாளில் உள்நாட்டுப் போரின் வடக்குப் படை சார்லட்ஸ்வில்லுக்கு வந்து விடுதலை கொண்டுவந்தது. இரண்டும் அவர்களுக்கே உரியவை. அங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 38 பாகை உயரத்தில் நிற்கும். மட்டக்களப்பில் அது எட்டுப் பாகைக்குள், தென்னை மரத் தலைக்குக் கீழே. வடக்கே போனால் விடுதலை என்ற கதையும் நமக்கு இல்லை. அதை எடுத்தால் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும். நம்மிடம் ஒரு திசை இருக்கிறது. நாகப்பட்டினம் இங்கிருந்து நேர்வடக்குக்கு ஏறத்தாழ 30 பாகை மேற்கே. மார்டினிக்கில் 110 பாகை செய்த வேலையை இங்கே 330 பாகை செய்யும்.

கிடைவெட்டுகளைத் தாராளமாக எடுங்கள், அவை நம் வெயிலுக்கு இன்னும் பொருத்தம். இங்கே நடுப்பகல் சூரியன் வருஷம் முழுவதும் தலைக்குக் கிட்டத்தான். செங்குத்துச் சுவரில் வெளிச்சம் மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும், கிடைவெட்டு ஒவ்வொன்றும் கறுப்பாகத் தெரியும். ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் முடியும்வரை வடக்கு முகத்தில் அந்த வெயில் விழும், மற்ற மாதங்களில் தெற்கு முகத்தில். வளைந்த சுவர் என்றால் எப்போதும் ஏதோ ஒரு பகுதி விழித்திருக்கும். காலையும் மாலையும் நேரே வரும் வெயிலில் கிழக்கு மேற்கு முகங்கள் வெளிறிப்போகும், அங்கே எழுத்து வைத்தால் ஆழத்தைக் கூட்டுங்கள். தமிழ் எழுத்தின் வளைவுகளுக்கு நடுவில் ஆழமாகி இரண்டு பக்கமும் சரியும் வெட்டுத்தான் நிற்கும். இப்போது கடைகளில் லேசரால் சுடும் எழுத்து மெல்லிய சாம்பல் நிறம் மட்டும், நம் உப்புக்காற்றில் அதை நம்ப முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் எழுந்த தூண்களைப் போய்ப் பாருங்கள். பெயின்ற் அடித்த பெயர்கள் மங்கி, உள்ளே கம்பி துருவேறி ஊதி, கொங்கிறீட் வெடித்துப் பெயரோடு கழன்று விழுந்தவை உண்டு. செத்தவரை இரண்டாம் தடவை இழந்த மாதிரி அழுத தாய்மாரைக் கண்டிருக்கிறேன். ஆகவே கம்பி வைத்த சுவரில் மெல்லிய பலகை ஒட்டுவதை விட்டு, முழுக்கல்லாகவே போடுங்கள். உயரம் குறைந்தாலும் பரவாயில்லை.

இடத்தைப் பற்றி: கோட்டைக்குள் வைக்க வேண்டாம். உள்ளே போக அனுமதி கேட்கும் நிலை வரும், வெளியே வாவிக்கரைப் பக்கம் யாரும் எந்நேரமும் வந்து இருக்கலாம். நகரத்தில் ஏற்கெனவே வில்லியம் ஓல்ட் பாதிரியாருக்கும் பேடன் பவலுக்கும் காந்திக்கும் சிலைகள் நிற்கின்றன, எல்லாம் பீடத்தின் மேலே. உங்களுடையது தரையில் தொடங்கட்டும். டச்பார்ப் பக்கத்துப் பறங்கியர் குடும்பங்களிடமும் போய்க் கேளுங்கள். இங்கே போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழிவந்தவர்கள் அவர்கள், அவர்களுக்கும் இதில் சொல்ல ஏதாவது இருக்கும்.

முதல் வரைபடத்தில் சுவரைப் போடாதீர்கள், மகள். கோட்டையின் அடித்தளப் படத்தில் வாசலிலிருந்து 330 பாகையில் ஒரு கோடு மட்டும் இழுத்து, அது தண்ணீரை எங்கே தொடுகிறது என்று பார்த்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். வளையம் எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதை அந்தக் கோட்டின்படி கணக்குப் பார்ப்போம்.